அடியில் ஒரு புள்ளி

மணி மூன்றரைதான் ஆகிறது, நாலரைக்கு வருகிறோம் என்றுதானே சொன்னார்கள், இப்போதே பாலை வைத்தால் ஆடை கட்டிவிடும், வைக்காவிட்டால் அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு அடுப்படியில் நிற்க வேண்டும், கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழாது, நாத்தனார் வேலாத்தாள் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள் என்று சம்பூரணம் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், மறுபடி வைத்தாள். வாழைக்காயைச் சீவி உப்புத் தண்ணீரில் போட்டாயிற்று. பஜ்ஜி மாவில் உப்பு ஒரு கல் கூடியதுபோல இருந்தது, இன்னும் கொஞ்சம் மாவு கலந்தாள், இப்போது உப்பே இல்லாததுபோல இருந்தது. கேசரி பரவாயில்லை. மேசைமேல் பேப்பர் கப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளைத் தூண் மாதிரி நின்றன, பக்கத்தில் பாக்குமட்டைத் தட்டு. எல்லாருக்கும் ஒன்றுபோல. மூன்று நாள் தூக்கம் கெட்டு அவள் கண்டுபிடித்த வழி அதுதான். வீட்டு டம்ளரில் கொடுத்தால் வேலாத்தாள் பார்ப்பாள், வேறு டம்ளரில் கொடுத்தால் மகன் பார்ப்பான், பேப்பர் கப்பில் கொடுத்தால் யார் எதைப் பார்க்க முடியும், குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம், கழுவ வேண்டியதில்லை, யார் குடித்ததை யார் எடுப்பது என்ற பேச்சே இல்லை. “நானும் இதுலதானுங்க குடிக்கறன்,” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சிரித்தபடி சொல்லவேண்டும். போன வாரம் நவநீதன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: “எழிலோட அம்மாவும் அப்பாவும் ஞாயித்துக்கெழம டீக்கு வர்றாங்கம்மா. கல்யாணமாயி எட்டு மாசத்துல மொத தடவ. அவங்க மொகம் சுருங்கற மாதிரி ஒண்ணு நடந்துச்சுன்னா, நானும் அவளும் அன்னைக்கே கோயமுத்தூரு கிளம்பிருவோம். வீடு பாத்து வெச்சாச்சு.” வீடு பாத்து வெச்சாச்சு. ஒரே பிள்ளை. புருஷன் அர்த்தனாரி போய் மூன்று வருஷம். எழிலுக்கு இப்போது அஞ்சாம் மாசம். எப்போது பார்த்தான், எந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தான், இவளிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானே அன்றைக்கா, சமையலறை எந்தப் பக்கம், குழந்தைக்குத் தொட்டில் கட்ட அங்கே விட்டத்தில் கொக்கி இருக்கிறதா. இந்த வீட்டில் இருக்கிறது. நவநீதனைப் போட்டு ஆட்டிய கொக்கி. பால் பொங்கியது. தூளைப் போட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தன் டம்ளரில் ஊற்றிச் சர்க்கரை பார்த்தாள். டீயை அவள் உதடு பதித்து, சர்ர்ரென்று உறிஞ்சித்தான் குடிப்பாள். சின்ன வயசில் நவநீதன் அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டித் தெருப்பிள்ளைகளைச் சிரிக்கவைப்பான்.

அவர்கள் காலனிக்காரர்கள். இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வது, ஊர் என்றால் ஊர், காலனி என்றால் காலனி, நடுவில் ஒரு வாய்க்கால். எழிலரசியின் அம்மா அமராவதி பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, அப்பா சின்னராசு தபால் ஆபீசில் இருந்து ஓய்வானவர், மாடி எடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள், இவளைவிட நல்ல சேலை கட்டுவாள் அந்த அம்மாள், ஆனாலும். அந்த ஆனாலும் என்ற இடத்தில் சம்பூரணத்தின் நினைப்பு எப்போதும் நின்றுவிடும், அதற்குமேல் போனதில்லை, போகவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நிமிர்ந்து பாத்திர ஸ்டாண்டைப் பார்த்தாள். மேல் வரிசையில் அர்த்தனாரியின் டம்ளர், யாரும் குடிப்பதில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் துலக்கிக் கவிழ்ப்பாள். அடுத்து நவநீதனுடையது. அடுத்த இடம் இவளுடையது, அந்த டம்ளர் இப்போது கையில் இருந்தது, கல்யாணத்துக்கு வந்தது, பேர் வெட்டியிருக்கிறது, ணகரத்தில் ஒரு சுழி குறைந்துபோய். அடுத்து வேலாத்தாள் வந்தால் குடிப்பது. எழிலின் டம்ளர் ஸ்டாண்டில் இல்லை, சன்னல் திட்டில் தனியாகக் கவிழ்ந்திருந்தது. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி டம்ளர்தான், அதனால்தான் பயம், மாறிவிட்டால்? எழில் வந்த மறுநாள் வேலாத்தாள் எதிரிலேயே, அர்த்தனாரியின் ஆணி டப்பாவில் ஒன்றை எடுத்து, டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரே தட்டு. எள்ளளவு புள்ளி. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். “இது போதும்,” என்றாள் வேலாத்தாள். “தனித் தட்டு, தனி டம்ளருன்னு வெச்சிருக்கறான்னு நாந்தான் கோயில்ல எடுத்துச் சொல்லி உம்பட பேர நிக்க வெச்சிருக்கறன் சம்பூ. இல்லாட்டி பண்டிகைக்கு உன்னைய உள்ள உட்டிருப்பாங்களா?” விட்டிருக்கமாட்டார்கள். சொந்தத்தில் இப்போது வாசல் மிதிப்பவள் வேலாத்தாள் ஒருத்திதான். அவளும் வராவிட்டால் செத்தால் எடுத்துப்போட ஆள் வேண்டாமா. எழிலிடம் டம்ளரைக் கொடுத்தபோது, “உனக்குன்னே வாங்குனது கண்ணு, வேற யாரும் தொடமாட்டாங்க,” என்று சொன்னாள். அது பொய்யில்லையே. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தப் பெண் வாங்கிக்கொண்டு சிரித்தாள். “எனக்குன்னு தனியாங்களா அத்தே?” அந்தச் சிரிப்பை எட்டு மாசமாகச் சம்பூரணம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், ஆசையில் சிரித்தாளா, வேறெதுவோ. எம்.எஸ்ஸி. படித்தவள். படித்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. படித்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். தினமும் தன் டம்ளரைத் தானே கழுவித் தானே சன்னலில் கவிழ்த்துவிடுகிறாள், ஒருநாள்கூட ஸ்டாண்டில் வைத்ததில்லை. யார் சொன்னார்கள் அவளுக்கு, சன்னலில் வை என்று?

டீ சூடாக இருந்ததால் மேலுதட்டில் இடது ஓரத் தழும்பு சுரீரென்றது. சூடு பட்டால் இன்றைக்கும் அது முழித்துக்கொள்ளும், நாற்பது வருஷம் ஆகிறது. ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மண்பானையில் தண்ணீர் இருக்கும், மொண்டு ஊற்றுவது சம்பூரணத்தின் வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கு டம்ளரில். காலனிப் பிள்ளைகள் குனிந்து, கையைக் குவித்து வாயருகே வைத்து நிற்கவேண்டும், இவள் சொம்பைத் தூக்கி மேலே இருந்து விடுவாள். பூவாள் என்று ஒருத்தி, எண்ணெய் வழிய வழியச் சடை. அவளுக்கு மட்டும் வேண்டுமென்றே வேகமாக ஊற்றுவாள், தண்ணீர் மூக்கில் ஏறிப் பூவாள் இருமித் திணறுவாள், கண்ணெல்லாம் சிவந்துவிடும், பிறகு அவளும் சிரிப்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். அதில் சினேகமாகிவிட்டது, எப்படி என்று தெரியவில்லை. ஒருநாள் ஐஸ்காரனிடம் ஒரு சேமியா ஐஸ் வாங்கி, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, நீ ஒரு வாய் நான் ஒரு வாய். அதன் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது, அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்லமுடியாது. அடிகூட இல்லை, ருசி. யார் போய்ச் சொன்னார்களோ, சாயங்காலம் அப்பன் புளியம் விளாறை உருவிக்கொண்டு வந்து, “நீட்டுடி நாக்க,” என்றார். நீட்டினாள். விளாறு உதட்டில் விழுந்தது. மறுநாளில் இருந்து பள்ளிக்கூடம் இல்லை. பூவாளின் அப்பனைக் கூப்பிட்டு என்ன செய்தார்கள் என்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அமராவதிக்கு எந்த ஊர்? பவானிக்கு அந்தப் பக்கம் என்றார்கள், இவள் பிறந்த ஊரும் அங்கேதான். பூவாளாக இருக்காது, இருக்கவே முடியாது, பேரே வேறு, ஆனால் வாத்தியார்கள் பேரை மாற்றி எழுதுவார்களே. சீ, என்ன நினைப்பு இது, வயசு பொருந்தவில்லை, இவளைவிட ஏழெட்டு இளையவள். இருந்தாலும் சம்பூரணம் புடவைத்தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள், தழும்பு துடைத்தால் போய்விடும் என்பதுபோல. வாசலில் செருப்புச் சத்தம். வேலாத்தாள்தான் முதலில் வந்தாள், நேராக அடுப்படிக்கு வந்து, தன் டம்ளரை எடுத்து, ஆவி பறக்க முழு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, “அவிய வந்தப்பறம் எனக்கு வேண்டாம்னு சொல்லிருவன். நீ வற்புறுத்தாத,” என்று போய்க் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

வந்தார்கள். ஆட்டோ வாசலில் நிற்கும்போதே எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்தது, சம்பூரணம் அதைப் பார்க்காததுபோலப் பார்த்தாள். “வாங்கொ சம்பந்தி, வாங்கொ, வெயில்ல வந்திருக்கறீங்க.” அமராவதி கையில் இருந்த தூக்குப்போசியை எழிலிடம் கொடுத்துவிட்டு இவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை, காய்த்த கை, சாக்பீஸ் பிடித்துத் தோல் உலர்ந்த கை. பூவாள் இல்லை. நிச்சயமாக இல்லை. கையை எப்போது உருவிக்கொள்வது, உருவினால் மகன் பார்ப்பான், மகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பஜ்ஜி எடுக்கவேண்டும் என்று சொல்லித்தான் தப்பித்தாள். அடுப்படிக்குள் போனதும் கை தானாகப் புடவையில் துடைத்துக்கொண்டது, அதற்காகத் தன்னையே ஒரு கணம் வெறுத்தாள், அடுத்த கணம் மறுபடி துடைத்தாள். கூடத்தில் வேலாத்தாள் ஆரம்பித்துவிட்டாள். “டீச்சருங்களா நீங்க? அட, இப்பெல்லாம் யாரு வேண்ணாலும் டீச்சர் ஆயிக்கலாமாட்டிருக்குது.” அய்யோ. சம்பூரணத்தின் கையில் கரண்டி நின்றது. எண்ணெயில் மிளகாய் பஜ்ஜி கருகியது. அமராவதியின் குரல் வகுப்பறைக் குரல், உயராத குரல். “ஆமாங்க. பரீட்சை எழுதுனா ஆயிக்கலாமுங்க. எங்க பள்ளிக்கூடத்துல உங்க சொந்தத்துப் பிள்ளைகளும் படிக்குதுங்க. ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தா நல்லாவே புரிஞ்சுக்கும்.” நவநீதன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டான், நல்லது, முகம் சுருங்கவில்லை, இன்னும் அரைமணி நேரம். டீயைக் கப்புகளில் ஊற்றித் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். கப்பின் ஓரம் சூட்டில் நெளிந்தது. “எல்லாத்துக்கும் இதுதானுங்க, நானும் இதுலதானுங்க குடிக்கறன்,” என்றாள், ஒத்திகை பார்த்ததைவிட வேகமாக வந்துவிட்டது. சின்னராசு கப்பைத் துண்டால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “பேப்பர் கப்புங்களா! இதைக் கண்டுபுடிச்சவனுக்குக் கோயில் கட்டோணும். எங்கூர் டீக்கடையில இது வந்தப்பறந்தானுங்க நான் கடைக்குள்ள உக்கோந்து டீ குடிச்சன். அதுக்கு முன்னால எங்களுக்குன்னு தனி டம்ளரு, சன்னல் திட்டுல கெடக்கும். குடிச்சுப்போட்டு நாமளே கழுவி வெச்சுட்டு வரோணும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பழைய கதை சொல்பவர்போல, பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே. சன்னல் திட்டு. அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்து அடுப்படிச் சன்னல் தெரியுமா? தெரியாது. கதவு மறைக்கும். மறைக்குமா? எழில் மட்டும் கப்பை எடுக்கவில்லை. “பேப்பர் வாசம் கொமட்டுதுங்கத்தே. நான் அப்பறமாக் குடிச்சுக்கறன்.” வேலாத்தாள், டீ குடித்தால் நெஞ்சு எரிகிறது என்றாள், தூக்குப்போசியில் வந்த கச்சாயப் பலகாரத்தை நீட்டியபோது இன்றைக்கு விரதம் என்றாள். சம்பூரணம் தனக்குச் சர்க்கரை என்றாள். அடுப்படியில் கேசரி ருசி பார்த்தது ஞாபகம் வந்தது. யாருக்கும் தெரியாது அது. தன் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், குடிக்க மனசு வரவில்லை, இன்னும் இருபது நிமிஷம், இன்னும் கால்மணி, எழுந்துவிடுவார்கள், எழுந்துகொண்டிருக்கிறார்கள், சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

அப்போது எழில் சொன்னாள். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, குழந்தைபோல, “அத்தே எனக்குன்னே தனியா டம்ளர் வெச்சிருக்காங்கம்மா. வேற யாரும் தொடமாட்டாங்க. அவ்வளவு கவனம்.” தெரிந்து சொன்னாளா. தெரியாமல்தான் சொன்னாள், மாமியாரின் பெருமையைத் தாயிடம் சொல்கிறாள், நல்ல பெண், வெகுளி. தெரிந்துதான் சொன்னாள். சம்பூரணம் தட்டை எடுக்கக் குனிந்தாள். அமராவதியின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கையில் இருந்த கப்பை மெல்லத் தரையில் வைத்தாள். “அப்பிடியா? எடுத்துட்டு வா சாமி, பாப்போம்.” எழில் போனாள், சன்னலில் இருந்து எடுத்தாள், எடுக்கும்போது டம்ளர் கம்பியில் பட்டு ஒரு சின்னச் சத்தம், அதிலேயே அது எங்கே இருந்தது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். வாங்கினாள். உள்ளே பார்த்தாள். பிறகு கவிழ்த்தாள். நோட்டுத் திருத்தித் திருத்திப் பழகிய கட்டைவிரல் அடிப்பாகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, புள்ளியில் வந்து நின்றது. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வேலாத்தாள் கொட்டாவி விட்டாள். நவநீதன் போனில் இருந்து நிமிர்ந்து, “என்னங்கத்தே, டம்ளர இப்பிடி ஆராய்ச்சி பண்றீங்க?” என்று மாமியாரைக் கேட்டான். அவனுக்குத் தெரியாது. ஆணி அடித்தது அவன் வேலைக்குப் போயிருந்தபோது. இப்போது சொல்லப்போகிறாள், இப்போது. அமராவதி மருமகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள். “ஒண்ணுமில்லீங்க மாப்ளே. நல்ல கனமா இருக்குது.” பிறகு கைப்பையைத் திறந்து, டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்தாள். “சம்பந்தி, இதை நான் கொண்டுட்டுப் போறனுங்க. பொண்ணு நெனப்பு வந்தா இதுல ஒரு வாய் டீ குடிச்சுக்கறன். இவளுக்கு வேற டம்ளர் குடுப்பீங்கல்ல? இத்தன பெரிய வீட்டுல இல்லாமயா போகும்.” பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். சம்பூரணம் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஆட்டோ கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. வேலாத்தாள் செருப்பைத் தேடியபடி காதுக்குள் சொன்னாள்: “போவுது உடு. நாளைக்கே வேற ஒண்ணு வாங்கி ஆணி அடிச்சுக்கோ.”

முடிந்தது. முகம் சுருங்கவில்லை, வெளியே தெரியும்படி ஒன்றும் நடக்கவில்லை, மகன் கூடத்தில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு, “நல்லா நடந்துச்சும்மா,” என்கிறான், இத்தனை மாசத்தில் அம்மா என்று இப்படிக் குழைந்து கூப்பிட்டதில்லை, கோயம்புத்தூர் இல்லை, கொக்கியில் தொட்டில் கட்டலாம், வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்று பெட்டியில் மெத்தென்று இருக்கிறது. கசங்கிய கப்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். அதில் ஒன்றின் விளிம்பு பல் பட்டுக் கடித்துக் கிழிந்திருந்தது, யாருடையதோ. “அம்மா, எழில் இன்னும் டீ குடிக்கல. ஊத்திக் குடுங்க.” மிச்சம் இருந்த பேப்பர் கப் ஒன்றை உருவினாள், பிறகு, கொமட்டுகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னாளே. ஸ்டாண்டைப் பார்த்தாள். அர்த்தனாரியின் டம்ளர், முடியாது. மகனுடையது, முடியாது, அவள் குடித்ததில் அவன் குடித்தால் என்ன, அவன்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டானே, ஆனாலும் முடியாது. வேலாத்தாளுடையது, கொலை விழும். கை கடைசியில் தன்னுடையதை எடுத்தது. போகட்டும், இதை இன்றோடு எழிலுக்கே விட்டுவிடலாம், நாளைக்குத் தனக்குப் புதுசு வாங்கிக்கொள்ளலாம், சுழி குறைந்த டம்ளர்தானே. திரும்பினால் எழில் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. “அந்தப் புள்ளிய நான் மூணாம் நாளே பாத்துட்டனுங்கத்தே,” என்றாள், கூடத்துக்குக் கேட்காத குரலில், கோபமே இல்லாமல். சம்பூரணம் கூடத்தை எட்டிப் பார்த்தாள். “பின்ன ஏன் கண்ணு...” “எங்கம்மா பாக்கட்டும்னு இருந்தன். ஊர்ல இருக்கற பிள்ளைகளுக்கெல்லாம் மனுசனும் மனுசனும் ஒண்ணுன்னு இருபது வருசமா எழுதிப் போடறாங்களே, பாக்கட்டும்னு. அவருக்கு நான் சொல்லல. சொல்லவும் மாட்டன்.” சம்பூரணம் டீயைச் சுடவைத்து ஊற்றிக் கொடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் நவநீதன் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு பதித்து, நிதானமாகப் பாதி குடித்தாள். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற சம்பூரணத்திடம் நீட்டினாள். “எனக்குப் போதுங்கத்தே. மீதிய நீங்க குடிங்க. பாவம், எல்லாத்துக்கும் ஊத்திக் குடுத்துட்டு நீங்க ஒரு வாய்கூடக் குடிக்கல.” நவநீதன் நிமிர்ந்தான், முகமெல்லாம் சிரிப்பு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தபோது சிரித்த சிரிப்பு. “அட! மாமியாளும் மருமகளும் ஒரே டம்ளரா! குடிங்கம்மா. எங்க, அந்தச் சத்தத்தப் போடுங்க, கேட்டு எத்தன நாளாச்சு.” சம்பூரணம் வாங்கினாள். மகன் பார்க்கிறான். ஒரு வாய். ஒரே ஒரு வாய், அதோடு அவன் இங்கேயே இருப்பான், குழந்தை இங்கேயே இருக்கும். ஐஸ் குச்சியைச் சப்பவில்லையா, அதே வாய்தானே. டம்ளர் உதட்டருகே வந்தது. விளிம்பில் எழிலின் உதடு பட்ட ஈரம் பிறைபோல இருந்தது. தழும்பு சுரீரென்றது. உறிஞ்சவேண்டும், சர்ர்ரென்று, அவ்வளவுதான். அவள் உறிஞ்சத்தான் நினைத்தாள், சத்தியமாக அதைத்தான் நினைத்தாள், ஆனால் கை அவளைக் கேட்காமல் ஒரு சாண் மேலே போயிற்று, கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது, வாய் அண்ணாந்து திறந்துகொண்டது. டீ மேலே இருந்து கம்பியாக விழுந்தது. சுடு டீயை உதட்டில் படாமல் யார் குடிப்பார்கள், எந்த ஊரில். பாதி மூக்கில் ஏறியது. இருமினாள், திணறினாள், கண்ணெல்லாம் எரிந்து நீர் வழிந்தது, தாடையிலும் கழுத்திலும் டீ ஒழுகியது. யாரும் சிரிக்கவில்லை. நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மகன் அங்கே இல்லை. உள்ளறையில் பீரோ திறந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டி இழுபட்டது. எழில் மட்டும் எழுந்து எதிரில் நின்றாள். தன் சேலைத்தலைப்பின் நுனியை நீட்டி, “தொடச்சுக்கங்கத்தே,” என்றாள்.